சிறுத்தைக்குப் போக வழி விடுங்கோ

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் கோண்டாவிலில் ஒரு கலியாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டத்தடியில் நிற்கிறேன். உறவுக்காரப் பொடியன் ஒருவன் தன் போனை நீட்டினான். "மாமா, இதைப் பாருங்கோ." ஜீப்பின் பின்கம்பியில் ஏறி நின்று எடுத்த செல்பி. அவன் தோளுக்குப் பின்னால், பதினைந்து அடி இருக்கும், மணலில் ஒரு சிறுத்தை படுத்திருக்கிறது. "வடிவா வந்திருக்கு, என்ன?" என்றான். வடிவாகத்தான் வந்திருந்தது. அவன் தன் முகத்தைப் பார்த்தான். நான் சிறுத்தையின் காதைப் பார்த்தேன். இரண்டு காதும் பின்னுக்குச் சரிந்து மண்டையோடு ஒட்டிக் கிடந்தன. முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவனுக்கு அந்தக் காது போதும், சாப்பிட்ட பாயாசம் கசந்துவிட்டது.

செல்பி என்றாலே முதுகைக் காட்டுவதுதானே. பூனைக் குடும்பம் பதுங்கி வந்து பின்பக்கத்தால் பாய்கிற குடும்பம். வங்காளத்துச் சுந்தரவனத்தில் 1986 இல் காட்டுக்குத் தேனெடுக்க, விறகெடுக்கப் போனவர்களின் பிடரியில் மனித முகமூடி கட்டிவிட்டார்கள். முகம் தன்னைப் பார்க்கிறது என்று நினைத்தால் புலி தயங்கும் என்பது கணக்கு. சில காலம் அது பலனும் தந்தது. அங்கே உயிர் பிழைக்கப் பின்னாலும் ஒரு முகம் வைத்தார்கள். நாங்கள் இருக்கிற ஒரு முகத்தையும் போனுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்.

எங்கள் ஊரில் புலி என்றால் நினைவு வேறெங்கோ போகும். கொடிகளில் சிங்கமும் உண்டு, புலியும் உண்டு; இந்தத் தீவின் காட்டிலே இரண்டும் இல்லை. பெரும்பூனை என்று இருப்பது சிறுத்தை ஒன்றுதான். 1956 இல் பி. ஈ. பி. தெரணியகல அதற்கு வைத்த விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல் 'கொட்டியா'. இன்றைய சிங்களத்தில் சிறுத்தைக்குப் பெயர் 'திவியா'; கொட்டியா என்றால் புலி. கொட்டியா என்ற சொல்லைச் சோதனைச் சாவடிகளில் எந்தப் பொருளில் கேட்டோம் என்பது என் வயதுக்காரருக்குத் தெரியும். அது கிடக்கட்டும்.

போட்டிக்குச் சிங்கமும் வரிப்புலியும் இல்லாததால் எங்கள் சிறுத்தை கொஞ்சம் தாராளமாக நடமாடும். பட்டப்பகலில் காட்டுத் தெரு நடுவில் கால் நீட்டிப் படுக்கும். வருகிறவர்களை ஏமாற்றுவது இந்த அமைதிதான். வீட்டுப் பூனை திண்ணையில் படுத்திருப்பதுபோல ஒரு தோற்றம். ஆனால் நல்ல ஆண் சிறுத்தை ஒன்று சீமெந்துப் பை ஒன்றைவிடப் பாரம் கூடியது, ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல். அந்தப் பை பாய்ந்து வருகிறது என்று நினைத்துப் பாருங்கோ. அது ஆறுதலாகத்தான் இருக்கிறதா என்று கண்ணைப் பார்த்து அறிய முடியாது. வால் நுனி மட்டும் வெட்டி வெட்டி அசைகிறதா, காது படிகிறதா, உடம்பு நிலத்தோடு தணிகிறதா என்று பாருங்கோ. புலி பதுங்குவது பாய்வதற்கு என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை. குட்டியோடு நிற்கிற தாய் என்றால் இந்த அறிகுறிகளுக்கும் காத்திருக்கக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முந்தி மகனின் குடும்பம் கனடாவிலிருந்து வந்தபோது வில்பத்து வனவிலங்குப் பூங்காவுக்குப் போனோம். வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், பிறகு புத்தளம் வீதியால் ஹுனுவிலகம வாசல். சிவப்பு மணல் தெரு, இடைக்கிடை வெள்ளை மணல் கரையோடு வில்லுக் குளங்கள். ஒரு வளைவில் திரும்பினால் ஏழு ஜீப். தெரு நடுவில் சிறுத்தை. முன்னுக்கு நாலு ஜீப், பின்னுக்கு மூன்று, இரு பக்கமும் முள்ளுப் பற்றை. நாங்கள் எட்டாவது. பேரன் எழும்பி நின்று, "அப்பப்பா, இன்னும் கிட்டப் போகச் சொல்லுங்கோ" என்றான். முன்னால் ஒருவர் கதவைப் பாதி திறந்து, காலை வெளியே வைத்திருந்தார். பூங்காவுக்குள் கண்ட இடத்தில் இறங்கக் கூடாது என்பது நுழைகிற எல்லோருக்கும் சொல்லப்படுகிற விதி.

ஜொகன்னஸ்பேர்க் அருகே 2015 இல் சிங்கப் பூங்கா ஒன்றில் கண்ணாடியை இறக்கி வைத்திருந்த வாகனத்துக்குள் சிங்கம் பாய்ந்து ஒரு பெண் இறந்தார். பீஜிங்குக்குக் கிட்ட 2016 இல் காரை விட்டு இறங்கிய மகளைப் புலி இழுத்துப்போக, காப்பாற்ற ஓடிய தாய் இறந்துபோனார். வாகனம் எங்களைக் காப்பது, நாங்கள் அதற்குள் முழுதாக இருக்கும்வரைதான்.

ஆனால் இதை வெளிநாட்டுக் கதையாக விட்டுவிட எனக்கு மனமில்லை. 2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குடிமனைக்குள் சிறுத்தை ஒன்று வந்துவிட்டது. செய்தி பரவியது, சனம் கூடியது. வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் உட்படப் பத்துப் பேரளவில் காயப்பட்டார்கள். கடைசியில் பொல்லால் அடித்தே கொன்றார்கள். செத்த உடலோடு எடுத்த படங்களும் காணொளியும் உலகம் முழுக்கப் போயின. விஷயம் நீதிமன்றம் வரை போனது. காயப்பட்டவரை நான் குறை சொல்ல வரவில்லை. வளவுக்குள் சிறுத்தை நின்றால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? நான் யோசிப்பது கூடிய சனத்தைப் பற்றி. தனியாளைக் கண்டால் சிறுத்தை பெரும்பாலும் தானாக விலகும். நாலு பக்கமும் ஆள் நின்றால் விலக எங்கே இடம்? பூனையை அறைக்குள் பூட்டி அடித்தால் அதுவும் புலியாகும் என்று எங்கள் ஆச்சிமார் சொல்வார்கள். இது முதலே புலி.

மனிதனை இரையாக எண்ணுவது எங்கள் சிறுத்தைக்கு வழக்கமில்லை. மட்டக்களப்புப் பக்கம் புணானையில் குறைந்தது 12 பேரைக் கொன்ற சிறுத்தையை 1924 இல் ஷெல்டன் ஏகர் என்ற வெள்ளைக்காரர் சுட்டார். அதன் பெயர் இன்றும் பேசப்படுவது, அப்படி ஒன்று இங்கே அபூர்வம் என்பதால்தான். ஆகவே பயந்து சாகவும் தேவையில்லை, கிட்டப் போய்த் தடவவும் தேவையில்லை.

வன்னிப் பக்கம் காணி வைத்திருப்பவர்களும் காட்டோரம் மாடு சாய்ப்பவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கண்டவுடன் ஓடாதீர்கள். ஓடுகிறதைத் துரத்துவது பூனைக்குப் பிறவிக்குணம். குந்தாதீர்கள், குனியாதீர்கள், குந்திய ஆள் ஆட்டுக்குட்டி அளவாகத் தெரிவார். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்து, நிமிர்ந்து நின்று, முகத்தைத் திருப்பாமல் மெல்ல மெல்லப் பின்னுக்கு வாருங்கோ. ஊருக்குள் வந்துவிட்டதென்றால் 1992 என்ற இலக்கத்துக்கு எடுங்கோ. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம். அவர்கள் வரும்வரை காட்டுப்பக்கத்து வழியை ஆள் நிற்காமல் திறந்து வையுங்கோ. நகம் சும்மா கீறியதுதானே என்று மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கவும் கூடாது. பூனையின் பல்லிலும் நகத்திலும் உள்ள கிருமி புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

வில்பத்துவை நடுவழியில் விட்டுவிட்டேன். எங்கள் சாரதி ஐம்பது வயதுச் சிங்களவர், கொச்சைத் தமிழ் தெரியும். சிறுத்தையின் வால் நுனி அசையத் தொடங்கியதை நான் காண முன்னமே அவர் கண்டுவிட்டார். "மாத்தயா, கொஞ்சம் பின்னுக்கு" என்று சொல்லிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார். ஒரு வேனின் நீளமல்ல, நாலு வேனின் நீளம். எங்களுக்கு முன் நின்ற மூன்று ஜீப்பையும் கை காட்டிக் கூப்பிட்டார். இரண்டு வந்தது, ஒன்று வரவில்லை. பிறகு எஞ்சினை நிற்பாட்டினார். பேரனின் முகம் தொங்கிப் போனது.

இரண்டு நிமிடம் இருக்கும். சிறுத்தை எழும்பி, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, திறந்துவிட்ட அந்தப் பக்கமாக நடந்து வந்தது. எங்களைத் திரும்பியும் பாராமல் பாலை மரத்தடியால் பற்றைக்குள் இறங்கியது. நகராமல் நின்ற ஜீப்பின் சாரதி எங்கள் ஆளைச் சிங்களத்தில் ஏசத் தொடங்கினார். அவருடைய ஆட்கள் இன்னும் படம் எடுத்து முடியவில்லையாம்.