22 வயசுல ஜெர்மன் காடி எடுக்கலாமா? சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு பதில்

வணக்கம் மக்களே. சத்தம் தெளிவா கேட்குதா? அந்த இரைச்சல் மழை இல்ல, பக்கத்து மாமாக் கடை ஃபேன். நம்ம மலேசியா, சுங்கை சிப்புட் டவுன்ல காடிக்குள்ள உக்காந்துதான் பேசுறேன். மைக்ல இரையுதேன்னு ஏசிய அடைச்சிட்டேன், இன்னும் கொஞ்ச நேரத்துல வேர்த்துக் கொட்டும். கண்டுக்காதீங்க.

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். அப்படியே படிக்கிறேன். "அக்கா, எனக்கு 22 வயசு. நம்ம ஊருதான், தோட்டத்துல இருக்கோம். ஈப்போல ஒரு டீலர்கிட்ட செகண்டன் பிஎம்டபிள்யூ 320ஐ பாத்தேன். 60 ஆயிரம் வெள்ளி சொல்றாரு. இப்பதான் ஓட்டப் பழகினேன், இன்னும் பி லைசென்ஸ்தான். எடுக்கலாமா? அம்மா வேணாங்கிறாங்க. அப்பா ஒண்ணும் பேசல."

கடைசி வரியிலேயே நின்னுட்டேன் நான். எங்க அப்பாவும் அன்னிக்கு ஒண்ணும் பேசல.

பழைய ஆளுங்களுக்குத் தெரியும், நான் இந்த உள்ளூர்க் காடி பெஸ்ஸாவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஜெர்மன் செடான் வச்சிருந்தேன். என்ன காடின்னு சொல்ல மாட்டேன். 2 லிட்டர், டர்போ, கறுப்பு. அப்ப எனக்கு 23 வயசு, காடிக்கு ஆறு வயசு.

ஏன் எடுத்தேன்னு முதல்ல சொல்லிடுறேன். "பந்தா பண்ணத்தான்"னு கீழ எழுதப் போறீங்க, தெரியும். பந்தா இல்லாம இல்ல. ஆனா எங்க தாத்தா ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டுக்காரர். தோட்டத்து ரோட்டுல துரை காடி வந்தா, சைக்கிள்ல போறவங்க இறங்கி ஓரமா நிக்கணுமாம். பாட்டி சொல்வாங்க, காடி போன பிறகு தாத்தா வேட்டியில இருக்கற செம்மண் தூசியத் தட்டிட்டுத்தான் மறுபடி ஏறுவாராம். அதே தாத்தா, 1960-ல, அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் ஆரம்பிச்ச நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துல, சம்பளத்துல மிச்சம் பிடிச்சுப் பங்கு கட்டினவரு. வெள்ளக்காரன் விக்கிற தோட்டத்த நாமளே வாங்கலாம்னு. அவரு பேத்தி அந்த மாதிரி ஒரு காடிய ஓட்டிட்டு லயத்து வாசல்ல போய் நிறுத்தணும்னு எனக்கு ஒரு வெறி. தம்பி, உனக்கும் அதுதான்னா நான் சிரிக்க மாட்டேன்.

நிறுத்தினேன். பாட்டி அழுதுட்டாங்க. சித்தி ஆரத்தியே எடுத்துட்டாங்க. அப்பா செம்பனை, அதான் பாமாயில் பழம், ஏத்தற லோரி ஓட்டினவரு. காடியச் சுத்தி ஒரு நடை நடந்தாரு. லோரிக்காரங்க பழக்கம், ஒவ்வொரு டயரையும் கால் பெருவிரலால ஒரு அமுக்கு. பின்னாடி சாமான் வைக்கிற பூட்டத் திறந்து உள்ள விரிச்சிருந்த பாயத் தூக்கிப் பாத்தாரு. மூடினாரு. தேத்தண்ணி குடிக்கப் போயிட்டாரு.

சரி, இப்ப காசுக்கு வருவோம். டீலர் உன்கிட்ட முதல்ல என்ன சொல்லுவாரு? "ரோட் டெக்ஸ் கம்மிதான் தம்பி." உண்மைதான். 320ஐ எஞ்சின் 1,997 சிசி. தீபகற்ப மலேசியாவுல அதுக்கு வருஷத்துக்கு 378 வெள்ளி 50 காசு. நான் உக்காந்திருக்கிற 1.3 பெஸ்ஸாவுக்கு 70 வெள்ளி. வித்தியாசம் இருக்கு, ஆனா ஆள முழுங்காது. 3 லிட்டர் பக்கம் மட்டும் போயிடாத, 2,979 சிசிக்கு 2,077 வெள்ளி 50 காசு வரும். ஆக, ரோட் டெக்ஸ் சரி. டீலர் சொல்றது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். சொல்லாம விடுறதுலதான் கதை இருக்கு.

இன்சூரன்ஸ். உன் பேர்ல முதல் காடின்னா என்சிடி, அதான் க்ளைம் பண்ணாததுக்குக் குடுக்கற தள்ளுபடி, சைபர். ஒரு வருஷம் க்ளைம் இல்லாம ஓட்டினா 25 விழுக்காடு, அப்புறம் 30, 38.33, 45, அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் 55. நான் முதல் வருஷம் கட்டினது ரெண்டாயிரத்துக்குப் பக்கம். அதோட நீ பி லைசென்ஸ். நீ ஓட்டி இடிச்சா, உன் காடிய செய்யற செலவுல முதல் 400 வெள்ளி உன் கையிலேர்ந்து போகும், அது கட்டாயம். பி-ல இருக்கற ரெண்டு வருஷத்துக்குள்ள ரோட்டுல தப்பு பண்ணா போடற டிமெரிட் புள்ளி பத்து சேர்ந்துச்சுன்னா லைசென்ஸே போயிடும். லைசென்ஸ் போனாலும் பேங்க் மாசக் காசு கேக்கும்.

என் கணக்கு இது. காடி 65 ஆயிரம், கையிலேர்ந்து 15 போட்டேன், லோன் 50. அப்ப பிளாட் ரேட், அதாவது எவ்வளவு கட்டி முடிச்சாலும் முழு லோனுக்கும் வட்டி, வருஷத்துக்கு 4 விழுக்காடு, ஏழு வருஷம். வட்டியே 14 ஆயிரம். மாசம் 762 வெள்ளி. என் சம்பளம் 2,600. கட்டிட முடியும்னுதான் நினைச்சேன். கட்டவும் கட்டினேன். 762 என்னைக் கவுக்கல.

கவுத்தது ஒரு முள்ளு.

தோட்டத்துக்குள்ள மாமா வீட்டுல சாமி கும்பிடு. தார் ரோடு முடிஞ்சு செம்மண் ரோட்டுல ஒரு ரெண்டு கிலோமீட்டர் போகணும். லோரி போய்ப் போய் நடுவுல மண் மேடு கட்டியிருக்கும், ரெண்டு பக்கமும் பள்ளம். இந்தக் காடிங்க வயிறு தரையோட ஒட்டின மாதிரி இருக்கும், அடியில சர்ர்ர்னு மண் உரசுற சத்தம் கேக்கறப்பல்லாம் எனக்குப் பல்லு கூசும். பழம் வெட்டினவங்க மட்டைய ஓரமா அடுக்கித்தான் வச்சிருந்தாங்க. ஒண்ணு ரெண்டு ரோட்டுல சரிஞ்சு கிடந்துருக்கு. செம்பனை மட்டை முள்ளு தெரியும்ல? மட்டையோட ஓரத்துல ரம்பம் மாதிரி இருக்குமே. காலுல குத்தினாலே மூணு நாளைக்கு சீழ் கட்டும்.

மாமா வீட்டு வாசலுக்குப் போறதுக்குள்ள டேஷ்போர்டுல மஞ்சள் லைட், டயர் படம் போட்டு. இறங்கிப் பாத்தேன். மாமா குறடு எடுத்துட்டு வந்து இழுத்தாரு. சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு முள்ளு, நுனி மட்டும் உடஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. "பரவால்ல, ஸ்பேர் டயர எடு, பத்து நிமிஷத்துல மாட்டிடலாம்"னு பூட்டத் திறந்தாரு. பாயத் தூக்கினாரு. பேட்டரி இருக்கு. டயர் இல்ல. என்னையப் பாக்குறாரு, திரும்பவும் உள்ள பாக்குறாரு. "எங்கம்மா வச்ச?"ன்னாரு. நான் எங்கயும் வைக்கல. அந்தக் காடிக்கு ஸ்பேர் டயரே கிடையாது. ரன்ஃபிளாட் டயர். காத்து இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துல 80 கிலோமீட்டர் தூரம் போகலாம்னு புத்தகத்துல போட்டிருக்கு. நல்ல ஏற்பாடுதான், யாரு இல்லன்னா? ஹைவேக்காக யோசிச்சுச் செஞ்சது. பக்கவாட்டு ரப்பர் கட்டையாட்டம் இருக்கும், மண் ரோட்டுல ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புல வந்து தட்டும்.

மெதுவா உருட்டிட்டு டவுனுக்கு வந்தேன். டயர் கடை முதலாளி, தவுக்கே, குனிஞ்சு சைஸப் படிச்சாரு. "அமோய், இனி சைஸ் தாடா லா. கெனா பெசான்." இல்லையாம், ஆர்டர் போடணுமாம். ஒரு டயர் எண்ணூறு வெள்ளிச் சொச்சம். அடுத்த பக்கமும் தேஞ்சிருக்கு, ரெண்டா மாத்துன்னாரு. அவரு சொன்னதுலயும் தப்பு இல்ல. மூணு நாள் காடி அவரு கடை வாசல்லயே கிடந்துச்சு, நான் அப்பா மோட்டோல பின்னாடி உக்காந்து வேலைக்குப் போனேன்.

போற வழியில அப்பா சொல்றாரு, "அன்னிக்கே பாத்தேன், ஸ்பேர் டயர் இல்ல."

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ சிரிச்சிக்கிட்டு இருந்த."

...இருங்க, லோரி ஒண்ணு ஹாரன் அடிக்குது. நான் ஓரமாத்தான் நிக்கிறேன், போ ராசா.

டயர் ஒரு உதாரணத்துக்குத்தான் சொன்னேன். எதுவா இருந்தாலும் இதே கதைதான். நம்ம ஊருல காடி ரிப்பேர் செய்யற ஃபோர்மேன் அண்ணே கெட்டிக்காரரு. சாகாவா, மைவியா, உள்ளூர்க் காடி எதுவா இருந்தாலும் கண்ண மூடிட்டுச் செய்வாரு, சாமானும் பக்கத்துலயே கிடைக்கும். என் காடி பானட்டத் திறந்துட்டு, மேல மூடியிருந்த பிளாஸ்டிக் கவரத் தட்டிப் பாத்து, "ஈப்போவுக்குக் கொண்டு போயிடும்மா"ன்னாரு. நேர்மையான மனுஷன். ஈப்போ நமக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஓடுற காடிக்கு அது தூரமே இல்ல. ஓடாத காடிக்கு இழுவை லோரி கூப்பிடணும்.

அப்படி ஒரு தடவை கூப்பிட்டேன். பழைய ட்ரங்க் ரோட்டுல, எஞ்சின் சூட்டத் தணிக்கற கூலண்ட் ஒழுகி, சூட்டு லைட் சிவப்பு. இந்தக் காடிங்கள்ல தண்ணி ஓடுற பைப், டேங்க்லாம் நிறைய பிளாஸ்டிக். சூட்டுல வருஷக்கணக்கா வெந்து வெந்து அப்பளம் மாதிரி ஆயிடும். பாக்க முழுசாத்தான் இருக்கும், தொட்டா நொறுங்கும். நான் போன ஒர்க்‌ஷாப்ல ஒரு பைப் மாத்தணும்னாங்க, அப்புறம் பம்பும்னாங்க, அப்புறம் தெர்மோஸ்டாட். 4,000 வெள்ளி. அதுல எவ்வளவு தேவை, எவ்வளவு என் மூஞ்சியப் பாத்துப் போட்டதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. கேள்வி கேக்கற அளவுக்கு எனக்கு விவரம் இல்ல, வேற ஒர்க்‌ஷாப்புக்கு மாத்தணும்னா அங்க இழுத்துட்டுப் போகவும் காசு இல்ல. உன் வயசுல இதுதான் ஆபத்து தம்பி. நாப்பது வயசுக்காரருக்கும் பைப் உடையும். அவரு வீட்டுல இன்னொரு காடி நிக்கும்.

டீலர் இன்னொண்ணும் சொல்லுவாரு. "கியர் எண்ணெ மாத்தவே வேணாம், லைஃப் டைம்." 320ஐ-ல எஃப்30ங்கற மாடல்ல இருக்கறது இசட்எஃப் கம்பெனியோட எட்டு கியர் பெட்டி. அதச் செய்யற இசட்எஃப்காரனே 80 ஆயிரத்துலேர்ந்து ஒரு லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள எண்ணெய மாத்தச் சொல்றான். அப்ப லைஃப் டைம்னா யாரோட லைஃப்? மாத்தின ரசீது இருக்கான்னு கேளு. புஸ்பாகோம் பாஸ்னு காட்டினாருன்னா சந்தோஷப்படாத. அது பேர் மாத்தறதுக்கும் லோனுக்கும் செய்யற சோதனை. கியர் பெட்டிக்குள்ள எட்டிப் பாக்க மாட்டாங்க.

பெட்ரோல் எண்ணெ பத்தி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் கடைசியில புடி95ங்கற அரசாங்க பெட்ரோல் மானியம் வந்தப்ப நமக்கு லிட்டர் 1.99 வெள்ளின்னு போட்டாங்க. அது 95 ரக பெட்ரோலுக்கு மட்டும்தான். "இதுக்கு 97-தான் ஊத்தணும்"னு கூட்டாளிங்க உசுப்பேத்துவாங்க. எண்ணெ மூடிக்கு உள்பக்கம் எழுதியிருக்கும், அதப் படி. கூட்டாளியப் படிக்காத.

குறையே சொல்லிட்டு இருக்கேன், நல்லதையும் சொல்லணும்ல. ஓட்டுறதுக்கு அது சொர்க்கம் லா. ஹைவேல ஏறி 110-ல போனா வீட்டு ஹால்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். ஒரு மழை நாளு, லோரி சக்கரத்துலேர்ந்து விழுந்த சேறும் நசுங்கின பழமும் தார் ரோட்டுல வழவழன்னு கிடக்கு. வளைவுல கொஞ்சம் கூட அமுக்கிட்டேன். பின் சக்கரம் இழுக்கற காடி, 184 குதிரை சக்தி, காடி வால் அப்படியே வெளிய போகுது. காடி வழுக்கினா பிடிக்கற இஎஸ்சி லைட் மினுக் மினுக்குன்னு அடிச்சு, அதுவே பிடிச்சு நேரா நிறுத்துச்சு. அது இல்லன்னா நான் ரோட்டோர அல்லூர்க் கால்வாய்ல கிடந்திருப்பேன். ஆனா இந்தப் பெஸ்ஸாவுல அந்த வளைவ அந்த வேகத்துல போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன். அதுவே விடாது. 2018-லேர்ந்து இங்க புதுசா வர்ற மாடலுக்கெல்லாம் இஎஸ்சி கட்டாயம். ஆகவே "சேஃப்டிக்காக எடுக்கறேம்மா"ன்னு அம்மாகிட்ட கதை விடாத.

கல்யாணக் கதைய விட்டுட்டேனே. தோட்டத்துல இந்தக் காடி ஒண்ணு இருந்துச்சுன்னா அது உன் காடி இல்ல, மாப்பிள்ளை காடி. வைகாசி, ஆவணி வந்தா அத்தை மகன், அத்தை மகனோட கூட்டாளி, கோயில் தலைவர் மருமகன், எல்லாரும் கேப்பாங்க. இல்லன்னு சொல்ல முடியுமா? பானட்ல ரிப்பன் ஒட்டின டேப் பசையச் சுரண்டிச் சுரண்டியே என் நகம் போச்சு. எண்ணெ ஊத்திக் குடுத்தவங்க ரெண்டே பேரு.

மூணு வருஷத்துல வித்துட்டேன். 33 ஆயிரத்துக்குப் போச்சு. பேங்க் பாக்கி கட்டினது போக கையில நின்னது ஆயிரத்துச் சொச்சம்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். நீ ஈப்போவுல குடியிருந்து, கையில காடி விலை போக ஒரு எட்டாயிரம் பத்தாயிரம் தொடாம இருந்து, வேலைக்குப் போக மோட்டோவாவது இருந்தா, எடு. நான் தடுக்க மாட்டேன். தோட்டத்துல இருந்துட்டு, சம்பளத்த முழுசா லோனுக்குக் கட்டி, அந்த ஒரே காடியில வேலைக்குப் போகணும்னா, இப்ப எடுக்காத. பெரிய செடான்தான் வேணும்னா பழைய டொயோட்டா கேம்ரி பாரு, நம்ம ஊரு ஃபோர்மேனே தொடுவாரு. கேம்ரின்னதும் மூஞ்சி சுருங்குதுல்ல? தெரியும். எனக்கும் சுருங்குச்சு.

அதனால ஒண்ணு செய். உன் மெசேஜுக்குப் பதில் போட்டிருக்கேன், பாரு. ஞாயித்துக்கிழமை காலையில நானும் வர்றேன், அந்தக் காடியப் போய் பாப்போம். அப்பாவையும் கூட்டிட்டு வா. பூட்டத் திறந்து அவரையே பாக்கச் சொல்லு, பாத்துட்டுப் பேசாம நின்னாருன்னா விடாத, என்னப்பான்னு கேளு. டீலர்கிட்ட இன்னிக்கே போன் போட்டுச் சொல்லிடு, நாம வர்ற வரைக்கும் எஞ்சின முடுக்க வேணாம்னு. சூடா இருந்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்கணும், முதல் சத்தத்த நாம கேக்கணும். போனதும் பானட்ல கைய வச்சுப் பாப்பேன். சுட்டுச்சுன்னா அங்கேர்ந்து நேரா ரொட்டி சானாய் சாப்பிடப் போயிடுவோம்.

ஐயோ, வேர்வை கண்ணுல இறங்குது. ஏசி போடுறேன். வர்றேன் மக்களே.