மீஞ்சூர்க் கிணறு ஏன் கரிக்கிறது?

(காட்சி: வயல் நடுவே ஒரு கிணறு. உறையைச் சுற்றி வெள்ளையாய் உப்புப் படிந்த கோடு.)

வணக்கம். வடசென்னையைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனால் இப்படிப்பட்ட கிணறுகளைப் பார்க்கலாம். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் கரிக்கும். கடலோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்புறம் எப்படி உப்பு வந்தது?

(காட்சி: நிலத்தின் குறுக்குவெட்டுப் படம்.)

மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீரும் கடல்நீரும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கடல்நீர் கனம் கூடியது, அடிவழியாக நுழையும். மேலே நிற்கும் நல்ல தண்ணீர்தான் அதை அழுத்தி நிறுத்துகிறது. கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் 1 அடி நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். அந்த 1 அடி இறங்கினால் 40 அடியும் போச்சு!

1960களின் கடைசியிலிருந்து சென்னைக் குடிநீருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இங்கே ஆழ்துளைக் கிணறுகள் போட்டு உறிஞ்சினார்கள். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஆற்று மணலும் போனது. கடல் உள்ளே வந்துவிட்டது. இப்போது கடல் மட்டமும் ஏறுகிறது. மழையோ 2023 மிக்ஜாம் புயலில் பார்த்தோமே, இரண்டு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடுகிறது. காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்தது. நகரத்துக்கு உதவி, சரி. வயலுக்கு?

(காட்சி: ஏரியின் கலங்கல், அதாவது நிரம்பிய ஏரியின் மிகைநீர் வழியும் தடுப்பு, கிட்டத்தில்.)

நிலவடிவமைப்பு என்றதும் பூங்காவும் புல்தரையும் நினைவுக்கு வரும். இந்த வட்டாரத்தின் ஆகப்பெரிய நிலவடிவமைப்பு ஏரிதான் என்பேன். மேட்டு நிலத்து மழையை வரத்துக்கால்வாய் கொண்டுவரும், கரை தேக்கும், கரையின் மண்ணைப் பனைவேர் பிடித்துக்கொள்ளும், மதகு வயலுக்கு விடும். நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். பழைய கலங்கல்கள் சிலவற்றின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். அடைமழை ஓய்கிற சமயத்தில் அந்த இடுக்குகளை மண்ணும் தழையும் வைத்து அடைத்தால், இன்னும் கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். வெள்ளம் வரும்போது திறந்துவிடலாம். தேங்கிய தண்ணீர் மாதக்கணக்கில் கீழே ஊறும். கடலைத் தள்ளி நிறுத்தும் அந்த 1 அடி அப்படித்தான் சேர்கிறது.

(காட்சி: மண் கொட்டி மேடாக்கிய மனைப்பிரிவு.)

இங்கேதான் மனசு பதறுகிறது. வயலை வாங்கி, லாரி லாரியாக மண் கொட்டி, நான்கடி உயர்த்தி மனை போடுகிறார்கள். வரத்துக்கால்வாய் அடியில் புதைந்துவிடுகிறது. கீழே உள்ள ஏரி காய்கிறது, பக்கத்துத் தெரு முழுகுகிறது. கால்வாயைத் திறந்தபடி விட்டு, அதன் இரு கரையிலும் மரம் வைத்து, வீடுகளை மேட்டுப் பக்கம் ஒதுக்கினால் மனையும் இருக்கும், தண்ணீரும் போகும். வரைபடம் போடும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

அந்தப் பக்கம் மனை வாங்கப் போகிறீர்களா? பத்திரம் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கிராம வரைபடம், புலப்படம் (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (ஊரின் நிலங்கள் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) மூன்றையும் கேளுங்கள். வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு என்று பக்கத்து சர்வே எண்களில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது இன்றைக்கும் திறந்திருக்கிறதா என்று மழை நாளில் நேரில் போய்ப் பாருங்கள்.