சபை உழைத்தது ஊருக்கே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'1833-க்கு முந்தைய ஸ்காட்லாந்து நகர சபை உழைத்தது ஊருக்கா, தனக்கா?' என்பது தலைப்பு. சபைக்குத் தேர்தல் வந்தது 1833-இல்தான். எதிரணித் தலைவி 'தனக்கே' என்று முழங்கிவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். குடிக்கட்டும் அம்மா, அந்தத் தண்ணீருக்கே பிறகு வருகிறேன்.

அவர் சொன்னது இதுதான். 1469-இல் வந்த சட்டப்படி பழைய சபையே புதிய சபையைத் தேர்ந்தெடுத்தது, ஊராரை யாரும் கேட்கவில்லை. லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த எடின்பரோவை 33 பேர் ஆண்டார்கள். கடைசியில் அபர்தீன் 1817-இலும் எடின்பரோ 1833-இலும் கடன் கட்ட முடியாமல் கை விரித்தன. மூன்றும் உண்மைதான். ஆனால் அம்மா பேசியது முழுக்க நாற்காலியைப் பற்றி. நாற்காலியில் உட்கார்ந்தவர் காலை முதல் மாலை வரை என்ன செய்தார் என்று ஒரு வரி சொன்னாரா? அதை நான் சொல்கிறேன்.

ராயல் பர்ரா என்று அரசர் உரிமை கொடுத்த ஊர்கள் இவை. தலைவருக்குப் பெயர் புரோவோஸ்ட். அவருக்குக் கீழே நகர நீதிபதிகளான பெய்லிகள், பொருளாளர், கட்டடமும் எல்லைச் சண்டையும் பார்க்க டீன் ஆஃப் கில்டு, எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒரு எழுத்தர். அபர்தீன் சபையின் பதிவேடுகள் 1398-இலிருந்து இன்றும் இருக்கின்றன, நடுவில் ஒரு தொகுதி மட்டும் இல்லை. புரட்டிப் பாருங்கள், போரும் புரட்சியும் அபூர்வம். ரொட்டி, மது, மீன், சாக்கடை, பக்கத்து வீட்டுக்காரன் சுவர். இதுதான் அவர்கள் பிழைப்பு.

ரொட்டியை எடுத்துக்கொள்வோம். கோதுமை விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பென்னிக்கு எத்தனை எடையுள்ள ரொட்டி கொடுக்க வேண்டும் என்று பெய்லிகள் நிர்ணயித்தார்கள். எடை குறைந்தால் அபராதம். ஊருக்கு வெளியிலேயே வண்டியை மறித்து மொத்தமாக வாங்கி, உள்ளே கொண்டுவந்து ஏற்றி விற்பவனுக்கும் அபராதம். பதுக்கலுக்கு எதிரான சட்டம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யாராவது நினைத்திருந்தால் மன்னிக்கவும்.

மது இன்னும் சுவாரஸ்யம். வடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பழைய நகரச் சட்டத்தின்படி விற்பனைக்கு மது வடிக்கிற பெண், எல்லோர் கண்ணிலும் படும்படி ஜன்னலிலோ வாசலுக்கு மேலேயோ ஒரு கோல் நட்டு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் 4 பென்ஸ் அபராதம். மதுவைச் சுவைத்துப் பார்க்கவென்றே சபை ஆள் வைத்திருந்தது. (இந்த உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போட நம் அவையிலும் நாலைந்து பேர் தயார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.) மோசமான மது என்று தீர்ந்தால் 8 ஷில்லிங் அபராதம், இல்லாவிட்டால் தண்டனை நாற்காலியில் ஊரார் முன்னால் உட்கார வேண்டும். அந்த மதுவில் மூன்றில் இரண்டு பங்கு ஏழைகளுக்கு, மீதி மருத்துவ விடுதிக்கு. கெட்டுப்போனதை ஏழைக்குக் கொடுப்பதா என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்விதான், ஆனால் சபைக்காரர் வீட்டுக்கு ஒரு குவளைகூடப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அளவு சரியாக இருக்க வேண்டுமே. அதற்காக ஊருக்கு ஒன்றாகப் பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். துணி அளக்கும் முழம் எடின்பரோவில், தானியப் படி லின்லித்கோவில், எடைக்கல் லானார்க்கில், மது மாதிரி திரவம் அளக்கும் பைன்ட் குவளை ஸ்டர்லிங்கில். ஸ்டர்லிங் சபை அந்தக் குவளையைத் தொலைத்துவிட்டது என்று எதிரணி சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தொலைத்துத்தான் விட்டார்கள். அலெக்சாண்டர் பிரைஸ் என்ற பாதிரியார் 1750-களில் தேடிப்போய், ஓர் உலோகத் தொழிலாளி வீட்டுப் பரணில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே கண்டெடுத்தார். கவனக்குறைவுதான். திருட்டு என்று சொல்ல முடியுமா?

இப்போது தண்ணீர். எடின்பரோ உட்கார்ந்திருப்பது பாறை முதுகில். 1670-களில் சபை, கோமிஸ்டன் ஊற்றிலிருந்து ஈயக்குழாய் போட்டுக் கோட்டைமேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. அங்கிருந்து ஹை ஸ்ட்ரீட் நெடுகப் பொதுக் குழாய்கள். பிரபுவின் வேலைக்காரியும் சுமைதூக்குகிறவனும் ஒரே வரிசையில் நின்று பிடித்தார்கள். அனுமதிச் சட்டம் 1621-இலேயே வந்துவிட்டதே, ஐம்பது வருடம் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். தாமதம்தான். ஆனால் கடைசியில் தண்ணீர் வந்தது ஊர்த் தெருவுக்கு.

சரி, எதிரணியின் கனமான ஆயுதத்துக்கு வருகிறேன். டேவிட் டூலி என்ற தையற்காரரின் கதையைச் சொல்லி, இரக்கமற்ற சபை என்றார் தலைவி. 1530, எடின்பரோவில் கொள்ளைநோய். டூலியின் மனைவிக்கு நோய். இரண்டு நாள் அவர் அதை அதிகாரிகளிடம் மறைத்தார். மனைவி சாகக் கிடக்கும்போது ஞாயிற்றுக்கிழமை செயின்ட் கைல்ஸ் கோயிலுக்குப் போய், நோயில்லாத ஜனங்களுக்கு நடுவே நின்று பூசை கேட்டார். சபை அவருக்கு விதித்தது, சொந்த வாசலிலேயே தூக்கு. இதுவரை சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்துவிட்டார். பதிவேடு அங்கே நிற்கவில்லை! தூக்கில் கயிறு அறுந்தது. இவர் ஏழை, சின்னக் குழந்தைகள் உள்ளவர் என்று எழுதி, இரக்கத்தால் உயிரை விட்டு, ஊரை விட்டு மட்டும் அனுப்பினார்கள் அதே சபையார். அந்த முதல் தீர்ப்பு கொடூரம், நான் அதைப் பாராட்டவில்லை. ஆனால் அதில் இருந்த பயம் யாருக்காக? கோயிலில் தோளோடு தோள் நின்ற ஊருக்காக.

வக்காலத்து வாங்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 1597-இல் அபர்தீனில் சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்தார்கள். கரி, தார்ப் பீப்பாய், கயிறு என்று டீன் ஆஃப் கில்டு கணக்கெழுதி வைத்தார். அவர் பட்ட பாட்டுக்கு 47 பவுண்டு 3 ஷில்லிங் 4 பென்ஸ் சன்மானம் வேறு. படிக்கும்போது கை கூசுகிறது. ஆனால் அந்த வெறி நாடு முழுக்க இருந்தது, மன்னர் ஆறாம் ஜேம்ஸே அதற்குப் புத்தகம் எழுதினார். சபை தன் பையை நிரப்பியதற்கு இதைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

விருந்து பற்றியும் சொன்னார்கள். எடின்பரோவில் தூக்கு நிறைவேறியதும் நகர நீதிபதிகள் கூடிச் சாப்பிட்ட வழக்கம் உண்டு. அசிங்கம்தான். அதை நிறுத்தியவரும் அதே சபையின் புரோவோஸ்ட், வில்லியம் கிரீச்.

அடுத்து அந்தக் கடன். கடன் வாங்கி என்ன செய்தார்கள் என்று ஏன் சொல்லவில்லை? அபர்தீன் யூனியன் ஸ்ட்ரீட்டைப் போட்டது, பள்ளத்துக்கு மேலே 130 அடி ஒற்றை வளைவுப் பாலம் கட்டியது. எடின்பரோ லீத் துறைமுகத்தில் பணத்தைக் கொட்டியது. கணக்கில் குளறுபடி, ஆணவம், எல்லாம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தெருவில் இன்றும் பஸ் ஓடுகிறது. 1583-இல் எடின்பரோவில் கல்லூரியைத் திறந்ததும், 1858 வரை அந்தப் பல்கலைக்கழகத்தை நிர்வகித்ததும் இந்தச் சபைதான். துணி வியாபாரியும் கசாப்புக்காரரும் உட்கார்ந்து பேராசிரியர்களை நியமித்தார்கள். மருத்துவப் பிரிவு 1726-இல் வந்தது. ஆறு முறை புரோவோஸ்டாக இருந்த ஜார்ஜ் டிரம்மண்ட், ஊருக்கு மருத்துவமனை வேண்டும் என்று வருடக்கணக்காகப் பணம் திரட்டினார். தனக்கு உழைத்தவர் லட்சணமா இது?

கடைசியாக ஒன்று. 1833-இல் தேர்தல் வந்தது, அப்புறம்தான் ஊர் உருப்பட்டது என்றார் தலைவி. 1861 நவம்பரில் ஹை ஸ்ட்ரீட்டில் ஓர் அடுக்குமாடி நள்ளிரவில் இடிந்து 35 பேர் செத்தார்கள். அன்று இருந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட சபை. அடுத்த வருடம்தான் ஹென்றி லிட்டில்ஜான் என்ற மருத்துவரைச் சுகாதார அதிகாரியாக நியமித்தார்கள். அவர் சந்து சந்தாக நடந்து பார்த்தது எதை? சாக்கடை, தண்ணீர், இடியும் சுவர். பழைய சபையும் அதன் டீன் ஆஃப் கில்டும் பல நூறு வருடம் மாரடித்த அதே வேலை. வாக்குப்பெட்டி வந்த பிறகு அந்த வேலை மாறியதா, குறைந்ததா? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, வணக்கம்.