தட்டைத் திருப்பும் நேரம்

வணக்கம் நண்பர்களே. தருமபுரியில் என் வீட்டு மாடி அறையில் அமர்ந்து இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள என் தாய்மாமா வீட்டில் நாங்கள் நால்வர் கூடினோம். மாமா, அவருடைய நண்பரான ஓய்வுபெற்ற கணக்காசிரியர், பாலக்கோட்டில் நெடுங்காலம் சவுண்ட் சர்வீஸ் நடத்திய அண்ணன் ஒருவர், பிறகு நான். காலை பத்து மணிக்கு முதல் கிராமபோன் இசைத்தட்டை வைத்தோம். விளக்கு வைக்கும் நேரம் வரை பேச்சும் பாட்டும் ஓயவில்லை. அறுபது, எழுபதுகளின் ராக் குழுக்களைப் பற்றி அவர்கள் நினைவுகூர்ந்தவற்றில் ஒன்று மட்டும் இந்த வாரம் முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த ஆல்பங்களைச் செய்தவர்கள், கேட்பவர் நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போடுவார் என்பதையும் கணக்கில் வைத்தே பாடல்களை அடுக்கியிருக்கிறார்கள்.

எல்.பி. எனப்படும், நெடுநேரம் ஓடும் 12 அங்குலத் தட்டை 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிடப் பாட்டு அடங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எழுந்துதான் ஆக வேண்டும்.

மாமா பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சனிக்கிழமைகளில் பழைய தட்டுகளைத் தேடி வாங்கி, ஓசூர் வழியாக வரும் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குக் கொண்டுவருவார். மேலே பலகையில் வைத்தால் வெயிலில் தட்டு நெளிந்துவிடும் என்பது அவருடைய அச்சம். அப்படி வந்தவற்றில் ஒன்றுதான் இதோ என் கையில் இருக்கும் பீட்டில்ஸ் குழுவின் ‘அபே ரோடு’. 1969 செப்டம்பரில் வெளிவந்த ஆல்பம் இது. நடுவில் ஒட்டியிருக்கும் தாளைச் சற்று அருகில் காட்டுகிறேன். இது கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் இருந்த கிராமபோன் கம்பெனி ஆலையில் அழுத்தப்பட்டது. உறையின் மேல் விளிம்பு தேய்ந்து நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. “முகத்தில் கை வைக்காதேடா, விளிம்பைப் பிடி” என்று எனக்கு எட்டு வயதில் மாமா சொன்னதை, சென்ற ஞாயிறும் சொன்னார்.

இதன் முதல் பக்கத்தின் கடைசியில் இருப்பது ‘ஐ வான்ட் யூ’ என்ற பாடல். ஏறத்தாழ எட்டு நிமிடம் நீள்வது. இறுதிப் பகுதியில் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வர, பின்னால் காற்று வீசுவது போன்ற இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த சுற்றிலாவது முடியும் என்று நாம் எதிர்பார்த்திருக்கும்போது, முடிவென்று எதுவும் இல்லாமல், கத்தியால் அறுத்ததுபோல் பாட்டு நின்றுவிடுகிறது. ஒலிநாடாவை அந்த இடத்தில் வெட்டியே விட்டார்கள். மாமா முதன்முதலில் இதைக் கேட்டபோது கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாராம். நிமிர்ந்து பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. தட்டும் சுற்றுகிறது. வீட்டில் மட்டும் அப்படி ஒரு நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் அவர் எழுந்து சென்று, தட்டை எடுத்து, துணியால் துடைத்து, திருப்பி வைத்து, முள்ளை இறக்குகிறார். அரை நிமிடமாவது ஆகும். அதற்குப் பிறகு அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஹியர் கம்ஸ் தி சன்’ தொடங்குகிறது. வசந்த காலத்தில் ஒரு நண்பரின் தோட்டத்தில் நடந்தபடி அவர் இயற்றிய, வெயில் வரும் பாட்டு. நான் இந்த இரண்டு பாடல்களையும் கைப்பேசியில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். அங்கே ஒன்று அறுபட்ட மறுநொடியே மற்றொன்று வந்து விழுகிறது. மாமா வீட்டில் அந்த அரை நிமிடம் காத்திருந்து கேட்டபோது, முதல் கிட்டார் ஒலியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடைவெளியும் சேர்ந்ததுதான் அந்த ஆல்பம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிங்க் ஃபிளாய்டு குழுவின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ 1973இல் வந்தது. அதன் முதல் பக்கம், கிளேர் டோரி என்ற பாடகி ஒரு சொல்கூட இல்லாமல் குரலால் மட்டுமே கதறி, தணிந்து, அடங்கும் பாடலோடு முடிகிறது. திருப்பிப் போட்டால் நாணயங்கள் குலுங்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் தாளமாகவே வர, ‘மணி’ தொடங்குகிறது. ஆசிரியர் சிறுவயதில் மிருதங்கம் கற்றவர். தொடையில் தட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, “இது ஏழு எண்ணிக்கை தம்பி, நம் மிஸ்ர சாபு மாதிரி” என்றார். உண்மைதான், நடுவே கிட்டார் தனித்து வாசிக்கும் பகுதியில் மட்டும் அது நான்குக்கு மாறி, பிறகு ஏழுக்குத் திரும்புகிறது. அதே குழு 1975இல் வெளியிட்ட ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தில் ஒரே நீண்ட படைப்பை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை முதல் பக்கத்தின் தொடக்கத்திலும், மறு பாதியை இரண்டாம் பக்கத்தின் முடிவிலும் வைத்தார்கள்.

லெட் செப்பலின் குழுவின் நான்காவது ஆல்பத்தைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். 1971இல் வந்த அதன் உறையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. முதல் பக்கத்தின் கடைசிப் பாடல் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. எட்டு நிமிடப் பாடலில் நான்கு நிமிடத்துக்கு மேல் கடந்த பின்னரே டிரம்ஸ் நுழைகிறது; உச்சம் கடைசி இரண்டு நிமிடங்களில். இங்கேதான் ஆசிரியர் ஒரு திருமண அழைப்பிதழின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை, ஆனால் விளிம்பில் ஒரு சுற்றின் நீளம் அதிகம், மையத்தருகே குறைவு. ஆகவே பக்கத்தின் தொடக்கத்தில் முள்ளின் அடியில், பாட்டு பதிந்திருக்கும் வரிப்பள்ளம் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. முடிவில் அது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பாட்டு மிகவும் உரத்து ஒலிக்கும் பகுதிக்கு மிகக் குறைந்த இடமே கிடைக்கிறது. அதனால்தான் பலர் பக்கத்தின் கடைசியில் மென்மையான பாடலை வைப்பார்கள். மாமாவின் தட்டில் அந்த உச்சத்தில் லேசாகப் பொரியும் ஓசை கேட்கிறது. முள் துள்ளாமல் இருக்க அந்தக் காலத்தில் அதன் தலையில் 25 பைசா நாணயத்தை வைத்து ஓட்டியதும் ஒரு காரணம் என்று அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ராக் இசையைத் தேடிக் கேட்டவர் அல்லர். ஆயினும் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பு ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கட்டிச் சோதிக்க, டீப் பர்ப்பிள் குழுவின் ‘மெஷின் ஹெட்’ தட்டைத்தான் வைப்பாராம். அதுவும் எப்போதும் இரண்டாம் பக்கத்தை. திருப்பி வைத்ததும் முதலில் வருவது ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. முதலில் கிட்டார் மட்டும், பிறகு ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்வதால், எந்தப் பெட்டி ஒழுங்காகப் பேசுகிறது, எது பேசவில்லை என்பது தனித்தனியாகத் தெரிந்துவிடும் என்றார். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த கேளிக்கை விடுதி தீப்பிடித்து, ஏரியின் மீது புகை படர்ந்ததைப் பற்றிய பாட்டு அது என்று நான் சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பாலக்கோட்டுத் தெருக்களில் அத்தனை ஆண்டுகள் ஒலிக்கவிட்ட பாட்டின் கதை அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

இருட்டும் வேளையில் கடைசியாக வைத்தது, பீட்டில்ஸ் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்’. இரண்டாம் பக்கத்தின் முடிவில் பியானோவின் நீண்ட ஒலி தேய்ந்து மறைந்த பிறகு, உள்வட்டத்தில் பொருள் விளங்காத பேச்சுத் துணுக்கு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. மாமாவின் தட்டு சுழற்றும் பெட்டியில் முள் தானாக உயராது. ஆகவே யாராவது எழுந்து எடுக்கும் வரை அந்தத் துணுக்கு அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தை காபியோடு வந்து கேட்ட பிறகே மாமா எழுந்தார்.

உரிமைச் சிக்கல் காரணமாகப் பாடல்களை இங்கே ஒலிக்கவிட முடியாது. ‘அபே ரோடு’ இரண்டாம் பக்கத்தில் முள் இறங்கும் அந்த ஓசையை மட்டும் இப்போது கேட்கச் செய்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய தட்டு இருந்தால், எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.