ஆறாம் லெவல் குழுவில் ஒரு முதல் லெவல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். தாளும் பென்சிலும் இருபது முகப் பகடையும் வைத்துக்கொண்டு நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, பேசிப் பேசியே ஒரு சாகசக் கதையை வளர்க்கும் விளையாட்டை உங்களில் சிலர் ஆடியிருப்பீர்கள். வேறு சிலர் வீட்டுப் பிள்ளைகள் ஆடும்போது அடுத்த அறையிலிருந்து கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. இதில் ஒவ்வொருவருடைய கதாபாத்திரமும் வழக்கமாக முதல் லெவலில் தொடங்கி, அனுபவப் புள்ளிகள் சேரச் சேர மேலே ஏறும். எல்லோரும் ஆறாம் லெவலில் இருக்கும் குழுவில் முதல் லெவல் கதாபாத்திரம் ஒன்று வந்து சேரலாமா என்று பல மேசைகளில் கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம் என்பது என் உறுதியான கருத்து.

கூடாது என்பவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. புதிதாக வந்தவர் ஒப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க நேருமே என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். நான் நடத்திய ஓர் ஆட்டத்தைச் சொன்னால், நடப்பது வேறு என்பது விளங்கும்.

என் அக்காவின் மகள், ஆறாம் லெவலில் இருந்த நால்வரோடு முதல் லெவல் திருடியாக வந்து சேர்ந்தாள். வழியில் ஒரு பாலத்தின் அடியிலிருந்து டிரோல் எனும் அரக்கன் எழுந்தான். அவனை எத்தனை முறை வெட்டினாலும் ஒவ்வொரு சுற்றிலும் பத்து உயிர்ப்புள்ளிகள் (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு) மீண்டும் வளர்ந்துவிடும்; நெருப்போ அமிலமோ பட்டால் மட்டுமே அந்த வளர்ச்சி ஒரு சுற்றுக்கு நிற்கும். மந்திரவாதியின் நெருப்பு மந்திரங்கள் காலையிலேயே தீர்ந்துவிட்டன. வீரர்கள் அவனை வீழ்த்துகிறார்கள், அவன் எழுகிறான். மறுபடியும் வீழ்த்துகிறார்கள், மறுபடியும் எழுகிறான். அவனுடைய நகம் ஒரு முறை பட்டாலே அவள் சாய்ந்துவிடுவாள் என்பதால் அதுவரை ஒதுங்கி நின்றவள், "மாமா, என் கையில தீப்பந்தம் இருக்கே!" என்றாள். அவன் மூன்றாம் முறை விழுந்தபோது ஓடிப்போய்ப் பந்தத்தை அவன்மேல் வைத்தாள். விதிப்படி அதன் சேதம் ஒரே ஒரு புள்ளிதான். ஆனாலும் அவன் எழவில்லை.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2014-ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளில் டிரோலுக்கு 1,800 அனுபவப் புள்ளிகள். ஐவருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 360. இரண்டாம் லெவலுக்கு 300 போதும் என்பதால் அவள் அன்றே லெவல் ஏறினாள். ஏழாம் லெவலுக்கு இன்னும் ஆயிரக்கணக்கில் சேர்க்க வேண்டியிருந்த மற்றவர்களுக்கு அதே 360 சிறு துளி. ஆறாம் லெவலுக்கு 14,000 புள்ளிகள், ஏழாம் லெவலுக்கு 23,000. இடையிலுள்ள அந்த 9,000 புள்ளிகளை மூத்தவர்கள் ஈட்டும் காலத்தில் புதியவரும் அதே 9,000-ஐ ஈட்டி, 6,500-ஐக் கடந்து ஐந்தாம் லெவலுக்கு வந்துவிடுவார். பழைய விதிகளில் இது இன்னும் தெளிவு: போர்வீரருக்கு ஆறாம் லெவல் 32,000, ஏழாம் லெவல் 64,000 என்று ஏறத்தாழ இரட்டிப்பாகும் கணக்கில், மூத்தவர் ஏழைத் தொடும்போது புதியவர் ஆறைத் தொடுவார். சமமாகப் பங்கிட்டால் போதும். இடைவெளி தானாகவே சுருங்கும். புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு, கதையின் திருப்பங்களில் எல்லோரையும் ஒன்றாக ஒரு லெவல் உயர்த்தும் மேசைகளில் மட்டும் இந்தச் சுருக்கம் நிகழாது. அங்கே புதியவரைக் குழுவின் லெவலிலேயே தொடங்க விடுவது நியாயம்.

எல்லாப் பதிப்புகளும் இதற்கு ஒத்துழைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் லெவலில் பாதி தாக்குதலோடும் தற்காப்போடும் கூடிக்கொண்டே போகும். அங்கே லெவல் கலப்பு உண்மையிலேயே துன்பம். 2014 விதிகளிலோ தேர்ச்சிக் கூட்டல், அதாவது பயின்ற செயல்களில் பகடை எண்ணோடு கூட்டிக்கொள்ளும் எண், முதல் லெவலில் இரண்டு, பதினேழாம் லெவலில்கூட ஆறுதான். ஆகவே முதல் லெவல் வீரரின் வாளும் டிரோலின் மேல் பாதிக்கு மேற்பட்ட வீச்சுகளில் படும்.

நேரம் நெருங்கிவிட்டது, மரணத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரியின் தீக்கோள மந்திரம் சராசரியாக 28 சேதம் தரும்; எட்டு உயிர்ப்புள்ளி உள்ளவர் அதை முழுதாக வாங்கினால் மயக்கம்கூட இல்லை, அங்கேயே சாவு. எனவே ஆட்டத்தை நடத்துபவர்கள் முதல் சில அமர்வுகளிலாவது இப்படிப்பட்ட பரந்த தாக்குதல்களைத் தவிருங்கள். குழு பத்தாம் லெவலைத் தாண்டியிருந்தால் புதியவரை ஐந்தாம் லெவலில் தொடங்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.