சீலிங் ஃபேன் சுற்றும் ஊட்டி வீடு

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிட்டால் வட்டி விகிதத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். இன்று என்னைப் பேசச் சொல்லியிருப்பது வாடகை வீட்டைப் பற்றி. அதிலும் ஆன்லைனில் வீட்டுப் படத்தைக் காட்டி, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, போனை அணைத்துவிடுகிற ஆட்களைப் பற்றி.

இந்த ஏமாற்று வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது. நீலகிரியில் அவர்களுக்கு ஒரு தனி வசதி உண்டு. இங்கே வீடு தேடுகிறவர்களில் பலர் மலைக்குக் கீழே, சமவெளியில் இருக்கிறார்கள். மாற்றல் உத்தரவு வாங்கிய ஆசிரியை தூத்துக்குடியில் இருப்பார். மகளுக்கு ஊட்டி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அப்பா விழுப்புரத்தில் இருப்பார். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுப் போக மேட்டுப்பாளையம் வந்து, கல்லாறு, பர்லியாறு என்று மலையேறி இறங்கினால் இரண்டு நாள் லீவு போய்விடும். அதனால் போனில் பார்த்து, போனில் பேசி, போனிலேயே பணத்தையும் போட்டுவிடுகிறார்கள். மோசடிக்காரனுக்கு முதலீடே இந்தத் தூரம்தான்.

விளம்பரம் எப்படி இருக்கும்? ஊட்டி நடுவில் சேரிங்கிராஸ் பக்கத்திலேயே வீடு, இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம், வாடகை மட்டும் அக்கம்பக்கத்து வாடகையில் பாதி. கூப்பிட்டால் ஓனர் வெளிநாட்டில் இருப்பார். "இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க மேடம், சாயந்திரத்துக்குள்ள டோக்கன் போட்டுட்டீங்கன்னா வீடு உங்களுக்குத்தான்" என்பார். வீட்டை நேரில் பார்க்கணும் என்றால் அதற்கு ஒரு 'கேட் பாஸ்' கட்டணம், பிறகு திருப்பித் தருவோம் என்பார். நம்ம ஊரில் வீடு பார்க்க பாஸ் எதற்குங்க? "நாய் கட்டியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே போகிறோம், அவ்வளவுதானே.

அந்தப் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒருவர் என்னிடம் காட்டிய படத்தில், 'எல்க் ஹில்லில் வீடு' என்று போட்டிருந்தது. ஹால் நடுவில் சீலிங் ஃபேன், சுவரில் ஏ.சி., ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தென்னை வளராது, வாடகை வீட்டில் ஏ.சி. மாட்டவும் ஆள் கிடையாது. நாம் பார்த்தால் உடனே சிரித்துவிடுவோம். கீழே இருக்கிறவருக்கு அது வெறும் அழகான ஹால். எந்த ஊர் வீட்டுப் படத்தையோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், அதே வீடு வேறு ஊர்ப் பெயரில் வந்தாலும் வரும்.

வாடகைக்கு வருகிறவர்தான் ஏமாறுவார் என்று இல்லை. வீட்டுக்காரர்களைக் குறிவைக்கும் வகை ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு அதிக வருத்தம். வெலிங்டனில் ராணுவப் பயிற்சி மையமும் ஸ்டாஃப் காலேஜும் இருப்பதால், குன்னூர்ப் பக்கம் ராணுவத்துக்காரர் என்றாலே ஒரு மரியாதை. அந்த மரியாதையைத்தான் இவர்கள் திருடுகிறார்கள். மாடி போர்ஷனை வாடகைக்கு விட விளம்பரம் கொடுத்த ஒரு அம்மாவுக்குப் போன் வருகிறது. இந்தி கலந்த பேச்சு, வெலிங்டனுக்கு போஸ்டிங் என்கிறார், சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. வாடகையில் பேரமே இல்லை. "அட்வான்ஸை எங்க ஆபீஸ் அக்கவுண்டிலிருந்துதான் போடுவாங்கம்மா, உங்க கணக்கைச் சரிபார்க்க முதல்ல ஒரு ரூபா அனுப்புங்க" என்கிறார். அனுப்பினால் இரண்டு ரூபாயாகத் திரும்பி வருகிறது. அடுத்து ஐநூறு கேட்கிறார், ஆயிரமாக வருகிறது. அப்புறம் இருபதாயிரம். அது போனது போனதுதான்.

ராணுவத்தில் அப்படி ஒரு முறையே கிடையாது. வெளியே வீடு எடுக்கிற ராணுவத்தினர் உங்களையும் என்னையும் போல நேரில் வந்து பார்த்து, தன் கணக்கிலிருந்து வாடகை கொடுப்பார்கள். இன்னொன்று, நமக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்வதும் பணம் கொடுக்கத்தான். "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடலாம்.

சாவியோடு வருகிற ஆளும் உண்டு. சீசன் காட்டேஜை இரண்டு நாளைக்கு எடுத்து, அதைத் தன் வீடென்று நான்கு பேருக்குக் காட்டி, நான்கு பேரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடுவான். நேரில் பார்த்தாயிற்றே என்று நாமும் அசந்துவிடுவோம். அதனால் வீட்டு வரி ரசீதையும் மின் கட்டண ரசீதையும் கேளுங்கள். பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். அதில் இருக்கிற பெயரும், ரசீதில் இருக்கிற பெயரும், பணம் போகிற கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். கணக்கு வேறு பெயரில் இருந்தால், "தம்பி கணக்குங்க" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை விசாரித்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். போக்கியத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள் இதில் எதையும் விடக்கூடாது.

கீழே இருக்கிறவர்கள் என்ன செய்வது? இங்கே தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். கூட வேலை பார்ப்பவரின் மச்சான், கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் என்று யாரையாவது பிடித்து, கேட்டுக்கு முன்னால் நின்று வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். ஓனரே வீடியோவில் காட்டுகிறேன் என்றால், தெருவிலிருந்து தொடங்கி உள்ளே வரச் சொல்லுங்கள். நிஜ ஓனருக்கு அது இரண்டு நிமிட வேலை. மற்றவருக்கு அப்போதுதான் சிக்னல் கிடைக்காது.

வீடு பிடித்துவிட்டால் ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அது கட்டாயம், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிய நம் வீட்டுக்காரர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் போய்விட்டது என்றால் அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிவிடும், ஓடுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. உங்கள் வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். பணம் அனுப்பிய ஆப்பில் அந்தப் பரிமாற்றத்துக்கான பன்னிரண்டு இலக்க யு.டி.ஆர். எண் இருக்கும், அதைத்தான் முதலில் கேட்பார்கள். வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரம், அந்த ஆளின் நம்பர் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம், ஊட்டியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. இருபதாயிரம்தானே, வெட்கக்கேடு என்று வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே நம்பர் அடுத்த வாரம் கோத்தகிரியில் வேறொருவருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும். நன்றி, வணக்கம்.