பத்துக்கு எட்டு ரூமுக்கு வெள்ளை அடிச்சா பெருசாகுமா?

(காட்சி: செட்டிநாட்டில் உள்ள கானாடுகாத்தான். பழைய வீடு ஒன்றின் வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். காலை 11 மணி வெயில் முற்றத்தில் விழுகிறது.)

இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கன்னு சொல்ல ஆசையா இருக்கு. வீடியோவுல முடியாதே. விரலை வச்சா வழுக்குது. பெயிண்ட் கிடையாது, சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கருன்னு சேர்மானம் போட்டு, ஒரு பூச்சு மேல இன்னொரு பூச்சா ஏத்தி, கடைசியில கல்லை வச்சுத் தேய்ச்சே கொண்டு வந்த மெருகு.

நடுவுல வானம் திறந்து கிடக்கு. வெயில் முற்றத்துல விழுது, அங்கருந்து தெறிச்சு இந்தச் சுவருக்கு வருது, இந்தச் சுவர் எதிர்ல இருக்கிற பத்திக்கு, அதாவது தாழ்வாரத்துக்கு அனுப்புது. ஒரு லைட்டு போடலை. ஆனா அந்தப் பத்தியில உக்காந்து தாராளமா பேப்பர் படிக்கலாம்.

இப்போ இந்த அறைக் கதவைத் திறக்கிறேன்.

(காட்சி: அறையின் உட்புறம். கேமரா ஒரு நொடி இருட்டுகிறது.)

உள்ளயும் வெள்ளைச் சுவர்தான். ஆனா பாருங்க, சாம்பல் பூசின மாதிரி இருக்கு. மூலை எங்க முடியுதுன்னே தெரியலை. வீட்டுக்கார ஆச்சிகிட்ட கேட்டேன், "இவ்வளவு இருட்டா இருக்கே ஆச்சி, இதுக்குள்ள எப்படி இருந்தாங்க?" அவங்க சிரிச்சிட்டாங்க. "அறைக்குள்ள யாரு தம்பி இருந்தா? சாமான் வைக்க, ராத்திரி படுக்க. பகல் பூரா வளவுலதான்."

ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு ஜோடிக்கு, ஒரு அறை. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு. அறை சின்னதா இருந்ததைப் பத்தி யாரும் கவலைப்படலை, ஏன்னா வாசப்படிக்கு வெளியே வளவு இருந்துச்சு. நம்ம பிளாட்டுல, வாடகை போர்ஷன்ல, அந்த அறை மட்டும் இருக்கு. வளவு இல்லை.

(காட்சி: காரைக்குடி. பத்துக்கு எட்டு அறை, பீரோ, கட்டில்.)

எங்கப்பா காரைக்குடியில பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். லீவு நாள்ல நானும் ரோலர் பிடிச்சிருக்கேன். அவர்கிட்ட வர்ற பாதிப் பேர் கேக்குற கேள்வி, "ரூம் சின்னதுங்க, வெள்ளை அடிச்சா பெருசாத் தெரியுமா?" அப்பா பதிலுக்கு ஒரு கேள்வி கேப்பார். "ஜன்னல் எந்தப் பக்கம்?"

அவர் ஏன் அப்படிக் கேக்குறார்னு புரிய ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எந்தக் கலரா இருந்தாலும், மேல விழுற வெளிச்சத்துல இவ்வளவு பங்கைத் திருப்பி அனுப்பும்னு ஒரு எண் உண்டு. கம்பெனி ஷேடு கார்டுல எல்.ஆர்.வி.ன்னு போட்டிருப்பாங்க. 0ல இருந்து 100 வரைக்கும். நல்ல வெள்ளை 85ஐ ஒட்டி வரும். நடுத்தரமான ஒரு பச்சையோ சாம்பலோ 50க்கு வந்தாலே பெரிசு.

85க்கும் 50க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். ஆனா வெளிச்சம் ஒரு தடவை மோதிட்டு நிக்கிறதில்லை. 100 பங்கு வெளிச்சம் உள்ள வருதுன்னு வைங்க. 50 உள்ள சுவர்ல முதல் மோதல்ல 50 மிச்சம், ரெண்டாவதுல 25, மூணாவதுல பன்னிரண்டரை. 85 உள்ள சுவர்ல? 85, அப்புறம் 72, மூணாவது மோதலுக்கு அப்புறமும் 61 மிச்சம். ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பீரோவுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அந்தப் பக்க மூலை, அங்கதான் தெரியும். மூலை இருட்டா இருந்தா ரூம் அங்கயே முடிஞ்சு போன மாதிரி இருக்கும். மூலைக்கு வெளிச்சம் போனா கண்ணும் அதுவரைக்கும் போகும். பெருசாத் தெரியுதுன்னு நாம சொல்றதுல பெரும்பங்கு இதுதான்.

ஒண்ணு கவனிச்சீங்களா? 100 பங்கு உள்ள வந்தாத்தான் இந்தக் கணக்கே. உள்ள வர்றதே 5 பங்குன்னா வெள்ளைச் சுவர் என்ன செய்யும், பாவம்? அந்த ஆச்சி வீட்டு அறை மாதிரி சாம்பலாத்தான் நிக்கும். ஜன்னலே இல்லாத ரூமுக்கு என்கிட்ட கேட்டா, வெள்ளையை விட்டுட்டு நல்ல கெட்டியான சந்தனக் கலர் அடிங்கன்னு சொல்லுவேன். இருட்டுல அழுக்கா தெரியற வெள்ளையைவிட, சின்னதா இருந்தாலும் கதகதப்பா இருக்கிற ரூம் எவ்வளவோ தேவலை. அப்பாவுக்கு இதுல உடன்பாடு இல்லை, அது எங்க வீட்டுச் சண்டை.

(காட்சி: சீலிங்கும் சுவரும் சேரும் இடம், கேமரா மெல்ல மேலே போகிறது.)

அடுத்தது சீலிங். நம்ம ஊர்ல பழக்கம், சீலிங்குக்கு வெள்ளை, சுவருக்குக் கலர். கலர் இருந்தாத்தான் சீலிங் எடுப்பா, உசரமாத் தெரியும்னு காரணமும் சொல்லுவாங்க. ஜெர்மனியில மைன்ஸ் பல்கலைக்கழகத்துல இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க, 2010ல வெளியான ஆய்வு. கம்ப்யூட்டர்ல உருவாக்கின அறைகளைக் காட்டி, உயரம் எவ்வளவு தோணுதுன்னு ஆட்களைக் கேட்டாங்க. சீலிங் வெளிறினா உயரம் கூடித் தெரிஞ்சது. சுவர் வெளிறினாலும் கூடித் தெரிஞ்சது. ரெண்டும் சேர்ந்தா இன்னும் கூட. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் காட்டணுங்கிற வாதம் அங்க நிக்கலை. தரையோட கலர் உயரத்துல பெருசா எதையும் மாத்தலை.

இந்தக் கடைசி விஷயம் நமக்கு நல்ல சேதி. ஆத்தங்குடிக் கல் போட்ட வீட்டை யாரும் தோண்ட வேண்டாம். ஆனா சிவப்புக் கல்லா இருந்தா ஒண்ணு நடக்கும். வெயில் தரையில பட்டு, கீழ்ச் சுவர்ல ஒரு முழத்துக்கு லேசா ரோஸ் ஏறும். "பெயிண்டர் எதையோ கலந்துட்டார்"னு எங்களுக்கு போன் வந்திருக்கு. போய்ப் பார்த்து, தரையில ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சுக் காட்டினோம். ரோஸ் போயிருச்சு.

சுவர்ல நடுவுல பார்டர் கோடு, சீலிங் ஓரத்துல கலர் பட்டை, பீமுக்கு மட்டும் தனிக் கலர், இதெல்லாம் சின்ன ரூம்ல வேண்டாம். ஒவ்வொரு கோடும் "இங்க முடியுது, இங்க முடியுது"ன்னு கண்ணுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். பரணோட அடிப்பக்கத்தை நிறைய பேர் விட்டுருவாங்க, அதுக்கும் அதே வெள்ளையை அடிங்க. தலைக்கு மேல தொங்குற பாரம் பாதி குறைஞ்ச மாதிரி இருக்கும். கதவு நிலை தேக்கா இருந்தா அதைத் தொடாதீங்க. பர்மாத் தேக்குக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிறவங்களோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

(காட்சி: சுவரின் மீது ஒட்டிப் பிடித்த ஏ4 தாள்.)

எந்த வெள்ளை? கடையில நீட்டுற ஷேடு கார்டுல வெள்ளையே ஏகப்பட்டது இருக்கும். கடை லைட்டுல எல்லாம் ஒண்ணுதான். வீட்டுக்கு வாங்கிட்டு வந்து ஒரு ஏ4 தாளைச் சுவர்ல ஒட்டி, பக்கத்துல சாம்பிளை ஒரு அடிக்கு ஒரு அடி அடிச்சுப் பாருங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி லைட்டு போட்டு ஒரு தடவை. தாளுக்குப் பக்கத்துல சிலது மஞ்சளடிக்கும், சிலது நீலமடிக்கும். மேற்கு வெயில் அடிக்கிற ரூம்ல ஏற்கெனவே மஞ்சள் இருக்கு, அங்க சுத்த வெள்ளை தாங்கும். வடக்கு ஜன்னல்ல வர்றது வானத்து வெளிச்சம், கொஞ்சம் நீலம் கலந்தது. அங்க லேசா கிரீம் ஓடுற வெள்ளை நல்லா இருக்கும். பல்பு டப்பாவுல வெளிச்சத்தோட நிறத்துக்கு ஒரு கெல்வின் எண் போட்டிருக்கும். அது 6500 கே ன்னு இருந்தா ராத்திரி ரூம் நீலமாத்தான் இருக்கும். 4000 வாங்கிப் பாருங்க.

நம்ம பாட்டிமார் சுண்ணாம்புல துணிக்குப் போடுற நீலத்தை ஒரு சிட்டிகை கலப்பாங்களே, அதுவும் இந்த வேலைதான். சுண்ணாம்போட மஞ்சளை நீலம் அடக்கிரும், கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியும். சிட்டிகை கூடிப்போனா பொங்கல் வரைக்கும் நீல வீடு.

(காட்சி: மட்டையால் சுண்ணாம்பு அடிக்கும் கை, மிக அருகில். நேரம் ஓட ஓடச் சுவர் வெளுக்கிறது.)

இதைக் கொஞ்சம் பொறுமையாப் பாருங்க. அடிக்கும்போது ஒண்ணுமே மூடலை. பழைய கறையெல்லாம் அப்படியே தெரியுது, வெறும் தண்ணியை அடிக்கிற மாதிரி. கால் மணி நேரம் விட்டா ஓரத்துல இருந்து வெளுத்துக்கிட்டே வருது. மாயமில்லை. ஈரமா இருக்கும்போது சுண்ணாம்புத் துகளுக்கு இடையில தண்ணி. காய்ஞ்சா அந்த இடத்துல காத்து. துகளுக்கும் தண்ணிக்கும் இடையில ஒளி அவ்வளவா சிதறாது, துகளுக்கும் காத்துக்கும் இடையில நல்லாச் சிதறும். சிதறுற ஒளியைத்தான் நாம வெள்ளைன்னு பாக்குறோம். ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும்னு சொல்றது ஒளிவிலகல் எண். அது சுத்தி இருக்கிறதோட எண்ணைவிட எவ்வளவு தள்ளி இருக்கோ, அவ்வளவு நல்லாச் சிதறும். கடைப் பெயிண்ட்ல இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அது 2.7 வரைக்கும் போகும், சுண்ணாம்புக்கு 1.6தான். அதனாலதான் எமல்ஷன் ஈரத்துலயே மூடிருது.

அப்போ எமல்ஷனே நல்லதா? புதுச் சிமெண்ட் சுவருன்னா சரி. பட்டி பார்த்து, ப்ரைமர் அடிச்சு, ரெண்டு கோட் மேட் பினிஷ். பளபளப்பு வகை வேண்டாம், பட்டி போட்ட மேடு பள்ளமெல்லாம் லைட்டுல காட்டிக் கொடுத்துரும். பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மேல மட்டும் எமல்ஷனைக் கொண்டு போயிராதீங்க. அந்தச் சுவர் ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விடுற சுவர். பிளாஸ்டிக் தோல் மாதிரி மேல மூடிட்டா ஈரம் உள்ளயே நிக்கும், உப்பு பூக்கும், கொப்புளம் கொப்புளமா கிளம்பி, உரிக்கும்போது பழைய மெருகையும் சேர்த்துக்கிட்டு வரும். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டுல பார்த்தேன், முகப்புச் சுவர் முழுக்க. அந்த மெருகை இனி போட ஆள் தேடணும்.

(காட்சி: அதே பத்துக்கு எட்டு அறை. ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்.)

இவ்வளவு பேசுறேனே, என் கதையையும் சொல்லிடறேன். இது எங்கம்மா ரூம். பீரோவை நகத்தி, பரண் அடிவரைக்கும் விடாம, நானே ரெண்டு கோட் வெள்ளை அடிச்சேன். அம்மா வந்து நின்னு பார்த்தாங்க. "என்னப்பா, பாசி புடிச்ச மாதிரில்ல இருக்கு?"

நிஜமாவே பச்சையாத்தான் இருந்துச்சு. மூணாவது கோட்டும் அடிச்சேன், முட்டாள் மாதிரி. அப்பா வந்தார், சுவரைப் பார்க்கவே இல்லை. நேரா ஜன்னலுக்குப் போனார். எதிர்ல நாலடி தூரத்துல பக்கத்து வீட்டுச் சுவர், நல்ல அடர் பச்சை. எங்க ரூமுக்குள்ள வர்ற வெளிச்சம் பூரா அந்தச் சுவர்ல மோதிட்டு வர்ற வெளிச்சம். பெரும்பகுதியை அது குடிச்சிட்டு, மிச்சத்தைப் பச்சையாக்கி அனுப்புது. உள்ள எத்தனை கோட் அடிச்சு என்ன?

மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட போய் நின்னேன். "அண்ணே, உங்க சுவர்ல எங்க ஜன்னலுக்கு எதிர இருக்கிற இடத்தை மட்டும் வெள்ளையாக்கிக்கவா? செலவு என்னோடது." ஒரு மாதிரி பார்த்தார், சரின்னுட்டார். ஜன்னலைவிட ரெண்டடி அகலமா, சன்ஷேடு உயரம் வரைக்கும் எக்ஸ்டீரியர் வெள்ளை அடிச்சோம். அரை நாள் வேலை. அன்னைக்குச் சாயங்காலம் அம்மா லைட்டு போடாம பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க.

எங்க ஊர் பெரியவங்க வளவைச் சுத்தி அந்த மெருகை ஏத்தினது அப்போதான் எனக்கு உறைச்சுது. வெளிச்சம் முதல்ல மோதுற இடம் அதுதான். உங்க ஜன்னலுக்கு எதிர்ல இருக்கிற காம்பவுண்டுச் சுவர், சன்ஷேடோட அடிப்பக்கம், ஜன்னல் நிலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற அந்தக் குறுகலான சுவர் கனம், டப்பாவைத் திறந்ததும் முதல்ல அங்க அடிங்க. ரூமுக்கு அப்புறம் வரலாம்.

(காட்சி: இரண்டு வீடுகளுக்கும் இடையேயான சந்து. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் எங்கள் வீட்டின் காவி நிறச் சுவர்.)

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். கையில ஷேடு கார்டு. அவங்க அடுப்படி ஜன்னல் எங்க சுவரைப் பார்த்துத்தான் இருக்கு. "தம்பி, உங்க பக்கம் கொஞ்சம் வெள்ளை அடிச்சுக்கவா? செலவு என்னோடது."